கூடத்துக் கணினியில் கருப்பு ஏன் சாம்பலானது?

ஆழிமழை:

பழைய மேசைக் கணினி ஒன்றை எச்.டி.எம்.ஐ. கேபிளால் கூடத்துத் தொலைக்காட்சியுடன் இணைத்து, கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளில் படம் பார்க்கத் தொடங்கிய முதல் இரவே, இருட்டுக் காட்சிகளில் கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூசியதுபோல் வெளிறிக் கிடந்தது. அப்பா, "பழைய டிவிடி பிளேயரே நன்றாக இருந்தது" என்றார். அந்த வார்த்தை என்னை உறுத்தியது.

தொலைக்காட்சியின் பிரைட்னஸைக் குறைத்தேன்; படத்தில் கருப்பு வந்துவிட்டது. ஆனால் மறுநாள் அதே திரையில் குடும்பப் புகைப்படங்களைத் திறந்தபோது, தலைமுடியும் கருநிறச் சட்டையும் ஒன்றோடொன்று கலந்து ஒரே கருந்திட்டாக நின்றன. படம் சரியானால் புகைப்படம் கெடுகிறது, புகைப்படம் சரியானால் படம் வெளிறுகிறது என்றால், பிழை தொலைக்காட்சியில் இருக்க முடியாது, படத்தை ஓட்டும் மென்பொருளில்தான் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

ஒளியின் அளவை எண்ணால் குறிக்கும்போது, திரைப்படங்களும் ஒளிபரப்பும் கருப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் பதிவு செய்கின்றன; கணினியோ கருப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று எண்ணுகிறது. தொலைக்காட்சிக்கு 16–235 தான் பொருந்தும் என்று யாரோ சொன்னதை நம்பி, கோடியில் அந்த அளவுக்குள் நிறங்களைச் சுருக்கும் தெரிவை நானே ஆன் செய்திருந்தேன். படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டோ 0–255 என்ற முழு அளவில் அனுப்பிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியும் முழு அளவாகவே அதைப் படித்தது. ஆகவே 16 என்ற எண் கருப்பாக அல்லாமல் அடர்சாம்பலாகவே திரைக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தெரிவை ஆஃப் செய்து, பிரைட்னஸைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனதும் இரண்டும் சரியாயின.

பிறகு ஏவிஎஸ் எச்டி 709 என்ற இலவசச் சோதனைப் படங்களை ஓட்டிப் பார்த்தேன். மினுங்கும் பட்டைகளில் 16-உம் அதற்குக் கீழுள்ளவையும் கருப்பில் மறைந்துவிட வேண்டும். 17 முதல் மிக மெல்லியதாகத் தெரியத் தொடங்க வேண்டும். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு இதைச் செய்வது நல்லது. கிராபிக்ஸ் கார்டு, மென்பொருள், தொலைக்காட்சி மூன்றும் ஒரே கணக்கில் பேசுகின்றன என்று உறுதியாகும் வரை பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் யாரும் தொடவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பனைநிழல்:

அண்ணா, தங்கள் அனுபவம் எனக்குப் பெரிதும் உதவியது; என் வீட்டில் கெட்டது கருப்பு அன்று, சிவப்பு. பெற்றோரின் திருமண வீடியோ டிவிடியை 1080 வரியளவுக்குப் பெரிதாக்கிச் சேமித்திருந்தேன். அதைக் கணினியில் ஓட்டியபோது அம்மாவின் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. வாழையிலைப் பச்சையும் கருத்தது. நிறம் மாறியதை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார்.

டிவிடியின் நிறங்கள் பிடி.601 என்ற கணக்கிலும், எச்டி படங்களின் நிறங்கள் பிடி.709 என்ற கணக்கிலும் எழுதப்படுகின்றன. நான் உருவாக்கிய கோப்பில் எந்தக் கணக்கு என்ற குறிப்பு இல்லாததால், மென்பொருள் படத்தின் உயரத்தை மட்டும் பார்த்து இதை எச்டி என்று கொண்டு, 601-இல் எழுதியதை 709-ஆகப் படித்துவிட்டது. மூல வட்டை நேரடியாக ஓட்டியதும் புடவை தன் நிறத்துக்குத் திரும்பியது. நிறக் கணக்கை முறையாக 709-க்கு மாற்றி, அந்தக் குறிப்பையும் சேர்த்துக் கோப்பை மீண்டும் உருவாக்கினேன்.

தாங்கள் குறிப்பிடாத ஒன்றும் உண்டு. வினாடிக்கு 24 பிரேம் உள்ள படத்தை 60 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஓட்டினால், ஒரு பிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுவதால், கேமரா மெல்ல நகரும் காட்சிகள் தடுக்கித் தடுக்கிச் செல்லும். படத்துக்கேற்ப இந்தப் புதுப்பிப்பு வேகத்தை (ரிஃப்ரெஷ் ரேட்) மாற்றிக்கொள்ளும் தெரிவு கோடியிலேயே இருக்கிறது.

ஆழிமழை:

தம்பி, அதை நேற்றிரவே ஆன் செய்தேன். ரயில் காட்சி ஒன்று இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. அப்பா அந்தப் படத்தை முடியும் வரை இருந்து பார்த்தார்.