ஆர்ப்பாட்டத்தில் ரேஷன் கார்டு கேட்கிறார்கள், இது என்ன நியாயம்?

ரெட்டிச்சாவடி பையன்:
வீடு கடலூர் மாவட்டம், ஏழு வருடமாக வேலை புதுச்சேரியில், ஒப்பந்த ஊழியன். போன வாரம் சம்பள பாக்கி கேட்டு சுதேசி மில் பக்கம் உட்கார்ந்தோம். பந்தல், நாற்காலி எல்லாம் நிரந்தர ஊழியர்களுக்கு, நாங்கள் தார் ரோட்டில் வெயிலில். சரி, பெரியவர்கள் என்று விட்டுவிட்டேன். அப்புறம் மனுவில் கையெழுத்து வாங்க வந்தவர், "தம்பி, உன் ரேஷன் கார்டு சிவப்பா மஞ்சளா?" என்றார். புதுச்சேரியில் ஏழைகளுக்குச் சிவப்பு, மற்றவர்களுக்கு மஞ்சள். எங்கள் பக்கம் அந்தக் கணக்கே கிடையாதே என்றதும், "தமிழ்நாடா? இது ஊர்க்காரங்க பிரச்சினைப்பா" என்று பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மூன்று மாத பாக்கி எனக்கும்தானே இருக்கிறது! உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

முதலியார்பேட்டை:
கோபம் நியாயம்தான். ஆனால் எங்கள் பயமும் சும்மா வந்ததில்லை தம்பி. 1979-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் பேசியபோது ஊரே தெருவுக்கு வந்தது, வீட்டில் இன்றும் அந்தக் கதை சொல்வார்கள். ஏஎஃப்டி பஞ்சாலையும் 2020-ல் மூடியாச்சு, இருக்கிற நாலு வேலையையும் வெளியாள் எடுத்துப்பானோ என்று தோன்றுகிறது.

மில்காரர் பேரன்:
அண்ணே, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, 1936 ஜூலை 30-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய மில் தொழிலாளிகள் 12 பேர் சுடப்பட்டுச் செத்தார்களே, அப்போது பிரெஞ்சு ஊரா பிரிட்டிஷ் ஊரா என்று பார்த்தா பக்கத்தில் நின்றார்கள்? எங்கள் பாட்டனார் எல்லை தாண்டி நடந்தே வந்து அதே மில்களில் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டிலிருந்து எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு மது பாட்டில் வாங்க வருபவனிடம் மட்டும் யாரும் கார்டு கேட்பதில்லை, கவனித்தீர்களா. கேட்டவருக்கு நாற்காலி இருந்தது, தம்பிக்கு இல்லை. அதைப் பேசாமல் ஊரைப் பேசுகிறோம்.

காரைக்கால்:
ஊர்க்காரங்க என்று நீங்கள் சொல்வதில் நாங்கள் உண்டா? சட்டசபையில் தேர்ந்தெடுக்கும் 30 இடத்தில் உங்களுக்கு 23, எங்களுக்கு 5, மாஹேக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று. மனு கொடுக்கப் போனால் எங்களுக்கும் கடைசி வரிசைதான். கையில் சிவப்பு கார்டு இருந்தும்!

ரெட்டிச்சாவடி பையன்:
நன்றி. ஒப்பந்த ஆட்கள் 14 பேர் தனி மனு எழுதியிருக்கிறோம், அதில் ஊர் போட இடமே விடவில்லை. ஒரு நிரந்தர ஊழியர் அண்ணன் தானாகவே வந்து கையெழுத்துப் போட்டார். நாற்காலி மட்டும் இன்னும் தரவில்லை.