தூத்துக்குடி மக்ரூன்: பேக்கரிக்குள் பார்த்தது

நெடுஞ்சாலைக் கடையில் பாக்கெட் மக்ரூன் வாங்கித் தின்றுவிட்டு, ‘வெறும் சர்க்கரைக் கட்டி’ என்று ஒதுக்கியவர்கள் ஒருமுறை தூத்துக்குடிக்கே போய் அதைத் தின்று பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு பனிமய மாதா திருவிழாவுக்கு (ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை) போயிருந்தபோது, சந்து ஒன்றில் இருந்த பழைய பேக்கரியில், "உள்ளே வந்து பார்க்கலாமா அண்ணாச்சி?" என்று தயங்கியபடி கேட்டேன். "தாராளமா பாருங்க தம்பி, அடுப்புப் பக்கம் மட்டும் போயிராதீங்க" என்றார் உரிமையாளர்.

முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றே பொருட்கள்தாம். மஞ்சள்கரு ஒரு துளி கலந்தாலும் நுரை சரியாக எழும்பாது என்பதால், முட்டை உடைப்பவர் ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் பார்த்த பிறகே பெரிய பாத்திரத்தில் ஊற்றினார். சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இயந்திரத்தில் அடிக்க அடிக்க, நுரை வெண்மையாகப் பொங்கி, கரண்டியால் தூக்கினால் கூராக நிற்கும் பதத்துக்கு வந்தது. அதன்பின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பொடித்த முந்திரியைக் கையாலேயே கலந்தார்கள். முந்திரியில் இருக்கும் எண்ணெய் நுரையை அமுக்கிவிடும் என்பதால் இந்த வேலையில் நிதானத்துக்கு இடமில்லை. உடனே காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டுகளில் பிழிய, சங்கின் முனை போல வரிசையாக எழுந்து நின்றன. அவை விறகு அடுப்பின் தணிந்த சூட்டில் இரவெல்லாம் கிடந்து உலர்கின்றன. வேகவைப்பதைவிட உலர்த்துவதே இங்கு முக்கியமான வேலை.

ஐரோப்பிய மக்ரூனுக்குப் பாதாம்தான் அடிப்படை. 16ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியாக இந்தப் பலகாரம் இங்கு வந்தது என்பது ஊரார் சொல்லும் வரலாறு. பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே என்பதால், பாதாமின் இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. சாக்லேட் கலந்த புதுவகையும் கிடைக்கிறது. முந்திரி மணத்தை அது விழுங்கிவிடுவதால் எனக்கு ஒப்பவில்லை.

புதிதாக எடுத்ததைக் கடித்தால் மேலோடு நொறுங்கி, உள்ளே காற்றாகக் கரைந்து, கடைசியில் முந்திரி மட்டும் பல்லில் நிற்கிறது. பாக்கெட்டில் அடைபட்டு ஈரம் ஏறியதில் அந்த நொறுங்கல் போய்விடுவதால்தான் சர்க்கரை மட்டும் நாக்கில் தங்குகிறது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர், பேக்கிங் புத்தகங்களில் உள்ள மெரிங் (வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து உலர்த்தும் இனிப்பு) செய்முறையைப் பின்பற்றலாம். ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் வைத்து, அடுப்பை அணைத்த பிறகும் தட்டை உள்ளேயே ஆறவிட வேண்டும். வாங்கி வருவோர் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளியிலேயே வையுங்கள். பிரிட்ஜில் வைத்தால் பிசுபிசுத்துவிடும்.