எம்பிஏ கட்டுரையில் மதுரையை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்

புதிதாக வெளிநாடு வந்து, வேலை பார்த்துக்கொண்டே பிஸினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் சிலர், விண்ணப்பத்தோடு தங்களைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் முதல் வரியிலேயே மதுரை "தென்னிந்தியாவில் ஒரு சிறு நகரம்" ஆகிவிடுகிறது. அதோடு ஊர் முடிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

நானும் முதல் தடவை அப்படித்தான் எழுதினேன். தலைமைப் பண்பு, உலகப் பார்வை என்று பக்கம் நிறைந்தது, இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பா வைத்திருந்த கமிஷன் கடையை எழுதினேன். மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பார்கள், சாயங்காலம் விரிந்துவிடும். இருப்பு வைக்க முடியாத சரக்கு. முகூர்த்த நாளில் ஏறுகிற விலை, வரத்து கூடினால் சரிந்துவிடும். மிஞ்சுகிற பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். காலேஜ் லீவில் கடையில் உட்கார்ந்தபோது, எத்தனை மணிக்கு மேல் காத்திருக்காமல் ஃபேக்டரிக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பாவோடு மல்லுக்கட்டி ஒரு நேரம் வைத்தேன். அது தப்பாகிப்போய் முதல் வாரமே விவசாயிகளுக்கு நஷ்டம். ஒவ்வொருவரிடமும் போய் என் தப்பைச் சொன்னேன், அப்புறம் நேரத்தை மாற்றினேன். கட்டுரை முழுக்க அந்த ஒரு வாரம்தான். இன்டர்வியூவிலும் அதையே கேட்டார்கள்.

இன்னொன்று. "நான் செய்தேன்" என்றால் பெருமை பேசாதே என்று சொல்லி வளர்த்த வீடு நம்முடையது. அதனால் கட்டுரையிலும் "நாங்கள்", "எங்கள் டீம்" என்றே வருகிறது. படிக்கிறவருக்கு நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று தெரிய வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பிஸினஸ் ஸ்கூல் பல வருடமாகக் கேட்கும் கேள்வியே "உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன்?" என்பதுதான். அந்த "ஏன்" உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றிலிருந்து வரட்டும்.

ஊரைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு: 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை ஹார்வர்டு பிஸினஸ் ஸ்கூல் 1993-லேயே பாடமாக்கிவிட்டது. அதற்காக அரவிந்தைப் பற்றி எழுத வேண்டாம், உங்கள் கதை அது இல்லை.

லட்சம், கோடி என்று எழுதினால் அவர்களுக்குப் புரியாது, டாலரில் சொல்லுங்கள். மதுரையே தெரியாத ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள். ஜனவரியில் கடைசித் தேதி வரும் விண்ணப்பச் சுற்றுக்கு எழுதுகிறவர்கள் எனக்கும் அனுப்புங்கள், கட்டாயம் படித்துச் சொல்கிறேன்.