4,200 கல்யாணப் படம், ரெண்டு கேமரா: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மண்டப_வாசல்:
தங்கை கல்யாணப் படங்கள் பென்டிரைவில் வந்துவிட்டன. ரெண்டு கேமரா, எல்லாம் ஜேபெக், 4,200 படம், 41 ஜிபி. போக, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒரு 300. எல்லாவற்றையும் சேர்த்து நேரப்படி அடுக்கினால் தாலி கட்டி முடித்த பிறகு காசியாத்திரை வருகிறது! ஆல்பத்துக்கு 200 படம் தேர்ந்தெடுத்து நம்பர் எழுதித் தரச் சொல்கிறார்கள். முகூர்த்தப் படங்களில் முகமெல்லாம் மஞ்சள், கூறைப்புடவை வெறும் சிவப்புத் திட்டு. விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம். மாதச் சந்தா கட்டும் சாஃப்ட்வேர் வேண்டாம்.

நெகட்டிவ்_டப்பா:
ரெண்டு கேமராவையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினீங்களா? அப்போ முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்க. கேமரா நம்பர் 9999 வரை போய் மறுபடி 0001-இல் தொடங்கும். ஒரே கம்பெனி கேமரா ரெண்டு இருந்தால் ஒரே பெயரில் ரெண்டு படம் வரும். காப்பி ஆகும்போது விண்டோஸ் "மாற்றட்டுமா" என்று கேட்டு நீங்க ஆமாம் தட்டியிருந்தால் ஒன்று போச்சு. பென்டிரைவில் எத்தனை ஃபைல், மொத்தம் எத்தனை பைட் என்று பார்த்து, லேப்டாப்பிலும் அதே கணக்கு வருகிறதா பாருங்க. வராவிட்டால் கேமரா 1, கேமரா 2, வாட்ஸ்அப் என மூன்று ஃபோல்டர் போட்டு மறுபடி காப்பி பண்ணுங்க. வெளி ஹார்ட்டிஸ்க்கில் இன்னொரு பிரதி. அதுக்கப்புறம் பென்டிரைவைத் தொடவே வேண்டாம்.

காசியாத்திரை இடம் மாறியதற்குக் காரணம் ஒரு கேமராவின் கடிகாரம். ரெண்டிலும் பதிவான ஒரே நொடியைப் பிடிக்கணும். அதுக்குக் கெட்டிமேளம்தான் வசதி: மாப்பிள்ளை கை முதல் முடிச்சில் இருக்கும் படம், அல்லது அட்சதை அந்தரத்தில் நிற்கும் படம் ரெண்டு பக்கமும் கிடைக்கும். நேரங்களைக் கழித்துக்கோங்க. படங்களை அடுக்கும் டிஜிகேம் சாஃப்ட்வேர் இலவசம். கேமரா 2 ஃபோல்டர் முழுக்கத் தேர்வு செய்து, நேரம் தேதி திருத்தும் கருவியில் அந்த வித்தியாசத்தைக் கழிக்கவோ கூட்டவோ சொன்னால் போதும். ஒரு தடவை பண்ணியதோடு விடாமல் வரவேற்புப் படம் ஒன்றையும் ஒப்பிடுங்க. நடுவில் யாராவது கடிகாரத்தைச் சரிசெய்திருந்தால் மாலைப் படங்களுக்கு வேறு கணக்கு ஆகிவிடும்.

வாட்ஸ்அப் படங்களில் எடுத்த நேரம் இருக்காது, பெயரில் தேதி மட்டும்தான். நல்ல படம் எடுத்தவர்களிடம் டாக்குமெண்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்க. அளவும் குறையாது, நேரமும் கூடவே வரும்.

எல்லாம் முடிந்தபின் தேதி, நேரம் வைத்து மொத்தமாகப் பெயர் மாற்றிடுங்க.

சுண்ணாம்பு_டப்பி:
மேலே எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் ஆபத்து. ஸ்டூடியோக்காரர் கையில் இருப்பது பழைய பெயர். 20 மணி 14 நிமிஷம் என்று புதுப்பெயரில் லிஸ்ட் கொடுத்தால் அவரால் ஒன்றும் தேட முடியாது. மாற்றித்தான் ஆகணும் என்றால் முன்னால் நேரம், பின்னால் கேமரா எண்ணும் பழைய நம்பரும் அப்படியே இருக்கட்டும். லிஸ்டிலும் "கேமரா 2, 0417" என்றே எழுதுங்க. நம்பர் மட்டும் எழுதினால் வேறு யாரோ ஆல்பத்தில் ஏறிவிடுவார்கள்.

தேர்வை மூன்று சுற்றாக வைத்துக்கோங்க. முதல் சுற்றில் கலங்கியது, கண் மூடியது, எல்இடி விளக்கால் பட்டை பட்டையாக விழுந்தது எல்லாம் கழியும். ஒரு படத்துக்கு 2 விநாடிக்கு மேல் நிற்காதீங்க. ஆனால் டெலீட் வேண்டாம், நிராகரிப்புக் குறி போதும். மேடையில் எடுக்கும் குடும்பப் படம் ஒவ்வொன்றும் மூன்று நாலு கிளிக் இருக்கும். நல்ல படத்தில் பெரியம்மா கண் மூடியிருந்தால், கழித்த படத்திலிருந்து அவர் முகத்தை எடுத்து ஒட்டலாம். இரண்டாவது சுற்றில் சடங்குவாரியாக நட்சத்திரம் போடுங்க. மூன்றாவது சுற்றை அம்மாவோடு உட்கார்ந்து பாருங்க. எந்தச் சித்தப்பா விட்டுப்போனார் என்று அவருக்குத்தான் தெரியும்.

மஞ்சள்_வெளிச்சம்:
நிறத்துக்கு வருகிறேன். படத்தைத் திருத்தும் ராதெரபி சாஃப்ட்வேர் இலவசம், மூலப்படத்தைத் தொடாமல் திருத்தங்களைத் தனி ஃபைலில் வைக்கும். 8 ஜிபி ராம் போதும்.

முதல் வேலை வெள்ளைச் சமன், அதாவது படத்தில் நிறமில்லாத ஓர் இடத்தைக் கிளிக் பண்ணிக் காட்டி மஞ்சள், நீலச் சாயலை நீக்குவது. எல்லாரும் போய் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கிளிக் பண்ணுவார்கள். அது வெள்ளையே இல்லை, சந்தன நிறம். அதை வெள்ளையாக்கினால் முகமெல்லாம் நீலம் பாயும். நீலம் போட்டு வெளுத்த பருத்தி வேட்டியோ எதிர்ப்பக்கம் இழுத்து முகத்தை இன்னும் மஞ்சளாக்கும். சாதாரண வெளிர் சாம்பல் சட்டை, சாயமில்லாத தூண் மாதிரி ஏதாவது கிடைத்தால் அதில் தொடங்கி, மீதியைக் கண்ணால் திருத்துங்க. மணப்பெண் முகத்தை அளவுகோலாக வைக்காதீங்க, மேக்கப் இருக்கும். பக்கத்தில் நிற்கும் அம்மா முகம் சரியானால் படம் சரி.

ஒரு படத்தில் சரியான திருத்தத்தைக் காப்பி செய்து, அதே வெளிச்சத்தில் எடுத்தவற்றுக்கு மட்டும் ஒட்டுங்க. ஊஞ்சல் வாசல் வெயிலில், ஹோமம் வீடியோ விளக்கில், வரவேற்பு மேடை விளக்கில். மூன்றுக்கும் மூன்று திருத்தம். ஹோமப் புகையைப் போக்கும் ஸ்லைடரைக் கொஞ்சமாக நகர்த்துங்க. அதிகமானால் முகம் கறுக்கும்.

கூறைப்புடவைக்கு ஹிஸ்டோகிராமில் (இருட்டு இடது, வெளிச்சம் வலது எனக் காட்டும் வரைபடம்) சிவப்புக் கோட்டைப் பாருங்க. வலது சுவரில் முட்டி நின்றால் சரிகைக் கோடுகள் ஜேபெக்கில் அழிந்தே போச்சு, எதுவும் மீட்காது. சிவப்பின் செறிவைக் குறைத்தால் கண்ணை உறுத்தாது, அவ்வளவுதான். அந்தப் பத்து இருபது படத்துக்கு மட்டும் ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் வைக்கும் மூலப்பதிவு) இருக்கிறதா என்று ஸ்டூடியோவில் கேளுங்க. இருந்தால் விவரம் திரும்ப வர வாய்ப்பு உண்டு. வரவேற்பில் முகத்தில் விழுந்த ஊதா வெளிச்சத்துக்கு மருந்து கிடையாது. கறுப்பு வெள்ளை ஆக்கிடுங்க.

மண்டப_வாசல்:
தாலி கட்டும் படத்தை ஆல்பத்தில் ரெண்டு பக்கமும் பரப்பிப் போடலாமா?

சுண்ணாம்பு_டப்பி:
12×36 அங்குல ஆல்பமா? நீளம் அகலத்தைப் போல 3 மடங்கு. கேமரா படம் 3க்கு 2. முழுக்கப் பரப்பினால் உயரத்தில் பாதி வெட்டுப்படும்: 6000×4000 படம் 6000×2000 ஆகிவிடும். பின்னால் நிற்பவர்கள் தலை போகும். அங்குலத்துக்கு 166 புள்ளிதான் தேறும், அச்சுக்கு வழக்கமாகச் சொல்லும் 300 இல்லை. தூரத்தில் எடுத்த அகலமான படம் இருந்தால் மட்டும் போடுங்க. மடிப்பு நட்டநடுவில், 18ஆம் அங்குலத்தில் வரும். அங்கே முகமோ முடிச்சுப் போடும் விரலோ இருக்கக்கூடாது.

மஞ்சள்_வெளிச்சம்:
அச்சடிக்கும் லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் ஏற்றுமதி பண்ணுங்க. லேப்டாப் வெளிச்சத்தை முழுக்க வைத்துத் திருத்தினால் அச்சு இருட்டாக வரும். பாதிக்குக் குறைத்து, திரையை மஞ்சளாக்கும் இரவு விளக்கு (நைட் லைட்) வசதியையும் அணைத்துவிட்டு வேலை பாருங்க. முதலில் 4×6-இல் ஐந்து படம் மட்டும் போட்டுப் பார்க்கலாம்.

மண்டப_வாசல்:
கடிகாரம் பிடிபட்டது. தாலிப் படத்தில் கேமரா 2 சரியாக 2 மணி 31 நிமிஷம் 12 விநாடி முன்னால் ஓடுகிறது. சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டிருக்கிறார்கள் போல. வரவேற்பிலும் அதே வித்தியாசம். கழித்ததும் காசியாத்திரை ஊஞ்சலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது.