டீஸ், மாக், பேன்டர்: எது போடுவது? அவசரம்

ஓசூர்_ஷிப்ட்: இந்த மூன்று ஆங்கிலச் சொற்களில் (tease, mock, banter) எது சரி? கார்டு நாலு மணிக்குப் பிரிண்ட் போகிறது. அகராதியில் எல்லாவற்றுக்கும் கேலி, கிண்டல் என்றே போட்டிருக்கிறது.

மாந்தோப்பு: என்ன கார்டு? யார் யாரைக் கிண்டல் செய்தது?

பழைய_வாத்தியார்: வாக்கியத்தை முழுசாகப் போட்டுக் கேட்கப் பழகுங்கள் தம்பி. மாக் என்றால் மட்டம் தட்டுவது. ஒருவர் பேச்சை அப்படியே பேசிக்காட்டிச் சிரிப்பதும் அதில் அடங்கும். டீஸ் பழைய ஆங்கிலத்தில் கம்பளியைச் சிக்கெடுத்துப் பிரிக்கிற வேலை. சீண்டல் என்ற பொருள் பிறகு வந்தது.

தொப்பூர்_கணவாய்: கம்பளிக் கதை அப்புறம் சார். டீஸ் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் என்ற பெயரிலேயே 1998இல் சட்டம் வந்தது. கம்பெனி கார்டில் அதைப் பார்த்தால் ஹெச்.ஆர். கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

மாந்தோப்பு: அது ஈவ் சேர்ந்தால்தானே? வெறும் டீஸ் அண்ணன் தங்கைக்குள்ளேயே நடக்கும். அளவு மீறினால்தான் அழுகை.

பென்னாகரம்_பையன்: லெக் புல்லிங் போடுங்க ப்ரோ, எல்லாருக்கும் புரியும்.

பழைய_வாத்தியார்: வெள்ளைக்காரனுக்கு அது பொய்யை நிஜம்போல் சொல்லி நம்பவைப்பது. நாம்தான் எல்லாக் கிண்டலுக்கும் அதையே இழுக்கிறோம்.

ஓசூர்_ஷிப்ட்: சூப்பர்வைசர் அண்ணாவுக்கு ரிடையர்மென்ட். ‘ஹி ஆல்வேஸ் மாக்ட் அஸ்’ என்று எழுதியிருக்கிறேன். நாங்களும் அவரைச் சும்மா விட்டதில்லை.

பழைய_வாத்தியார்: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? மாக்ட் என்று போட்டால் புகார்க் கடிதம் ஆகிவிடும். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொடுத்தால் பேன்டர். ‘வி வில் மிஸ் யுவர் பேன்டர்’ போதும். பன்மையாக்கி எஸ் சேர்க்காதீர்கள். கலிவர் கதை எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட் 1710இல் இந்தச் சொல்லே ஆகாது என்று எழுதினார், யார் கேட்டார்கள்?

பென்னாகரம்_பையன்: அப்போ பேன்டர்னா நம்ம நக்கல்.

தொப்பூர்_கணவாய்: நக்கலில் ஏளனம் இருக்கிறது. கிண்டல் என்று சொல்லுங்கள்.

பென்னாகரம்_பையன்: எங்க டீக்கடையில் நக்கல் இல்லாமல் டீயே இறங்காது. யாரும் கோவிச்சதில்லை.

தொப்பூர்_கணவாய்: அதே நக்கலைப் பெண் பார்க்கப் போன வீட்டில் விட்டுப் பாருங்கள்.

மாந்தோப்பு: மாமன் மச்சான் பேசினால் கேலி, முறை இல்லாதவன் பேசினால் வம்பு. சொல்லை வைத்து என்ன சண்டை?

ஓசூர்_ஷிப்ட்: பேன்டர் போட்டாச்சு. பிரிண்ட் போயிடுச்சு. நன்றி.

பழைய_வாத்தியார்: எஸ் போடவில்லையே?

பென்னாகரம்_பையன்: மாந்தோப்பு அண்ணா, டீக்கடையில் யார் முறை பார்க்கிறாங்க?