பழைய பெயர், புது வண்டி: நேரில் பார்த்தவர்கள் வாருங்கள்

போன வாரம் ஒரு அடித்தளப் பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தேன். தூணுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கார், பதுங்கிய பூனை மாதிரி. பின்பக்கம் போனால் 'சுப்ரா' என்று எழுதியிருக்கிறது, டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் கார். சின்ன வயதில் நோட்டு அட்டையில் இந்த எழுத்தை வரைந்து பழகியவன் நான். அந்த 'எஸ்' வளைவை விரலால் தடவிக்கொண்டு நிற்கும்போதே ஓனர் வந்துவிட்டார். திருடன் மாட்டிக்கொண்ட கதைதான். ஆனால் அவர் கோபப்படவில்லை. "பானெட்டைத் திறக்கட்டுமா?" என்றார்.

என் மனதில் இருந்தது 1993-ல் வந்த நாலாம் தலைமுறை சுப்ரா. மூன்று லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 2ஜேஇசட் இன்ஜின். அந்த இரும்பு பிளாக் எவ்வளவு பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏற்றினாலும் தாங்கும் என்று டியூனிங் செய்பவர்கள் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசுவார்கள். 2002-ல் உற்பத்தி நின்றது. 2019-ல் பெயர் மட்டும் திரும்பி வந்தது.

குனிந்து பார்த்தேன். ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர், எல்லாம் சரி. ஆனால் ஒரு பாகத்தின் மேல் பி.எம்.டபிள்யூ முத்திரை. என் முகம் போன போக்கைப் பார்த்து ஓனர் சிரித்துவிட்டார். "எல்லாரும் முதலில் அதைத்தான் தேடுகிறார்கள்."

இது பி.எம்.டபிள்யூ இசட்4-உடன் சேர்ந்து உருவான வண்டி, இன்ஜினும் அவர்களுடையது, இரண்டும் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரே தொழிற்சாலையில் தயாரானவை. இதெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். படிப்பது வேறு, முத்திரையைக் கண்ணெதிரே பார்ப்பது வேறு. அப்புறம் அவர் ஒரு சுற்று கூட்டிப்போனார். சரிவில் ஏறி வெளியே வந்ததும் மிதித்தார். உடம்பு சீட்டில் அமுங்கியது, ஆனால் கதவுப் பையில் இருந்த தண்ணீர் பாட்டில் கொஞ்சமும் நடுங்கவில்லை. வரிசை ஆறுக்கே உரிய வழவழப்பு அது. சுப்ரா என்றால் வரிசை ஆறும் பின்சக்கர இயக்கமும் இருந்தே ஆகவேண்டும். அது யாரிடம் இருந்ததோ அவர்களிடம் டொயோட்டாக்காரர்கள் போய்விட்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. (நாலு சிலிண்டரிலும் விற்றார்கள். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.)

பேட்ஜைப் பார்த்து ஒன்று நினைத்து, உள்ளே உட்கார்ந்ததும் மனம் மாறிய கதை உங்களிடமும் இருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

எனக்கு அல்பீன் ஏ110 என்ற பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார். நண்பனின் சொந்தக்காரர் ஒருவரிடம் பழையதும் புதியதும் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

பழையது ஃபைபர் கிளாஸ் உடம்பு, என் இடுப்புக்குக் கொஞ்சம்தான் மேலே வரும். அதற்குள் ஏறவில்லை, இறங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். முன்சக்கரத்துக்கு இடம் விட்டுப் பெடல்கள் நடுப்பக்கமாக ஒதுங்கியிருந்தன. நான் போட்டிருந்ததோ அகலமான ஷூ. பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து மிதிபட்டது. இரண்டாவது திருப்பத்திலேயே நிறுத்தி, ஷூவைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். கிளட்ச் பெடலின் ரப்பர் வரிகள் பாதத்தில் பதிந்தது இன்னும் நினைவிருக்கிறது. 1973-ல் உலக ரேலி சாம்பியன்ஷிப் தொடங்கிய முதல் ஆண்டிலேயே தயாரிப்பாளர் பட்டத்தை வாங்கிக்கொடுத்தது இந்தத் துளியூண்டு வண்டிதான்.

புதியது 2017-ல் அறிமுகமானது. அளவில் பெரியது, உடம்பு அலுமினியம், 1.8 லிட்டர் டர்போ. பழையதில் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்கிய இன்ஜின், இதில் சக்கரங்களுக்கு முன்னால் நகர்ந்து நடுவுக்கு வந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் பெயரைத் தவிர ஒன்றுமே ஒட்டாது. ஆனால் எடை 1,100 கிலோ அளவில்தான் இருக்கிறது. இந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காருக்கு அது பட்டினி கிடந்த எடை. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி யோசிக்கவே இல்லை. காலையில் வெறுங்காலோடு ஓட்டியபோது இருந்த அதே உணர்வு. புதியதும் தயாரானது பழையது பிறந்த அதே டியெப் ஊரில்தான்.

மறுமொழி 2

நீங்கள் இருவரும் கொடுத்துவைத்தவர்கள். என் அப்பா இளைஞராக இருந்தபோது ஃபோர்டு கேப்ரி படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவர். நீண்ட மூக்கு, இரண்டே கதவு. 1986-ல் நின்றுபோனது. 2024-ல் கேப்ரி மறுபடியும் வந்துவிட்டது என்று போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கதவு நாலு இருக்கே?" என்றார். மின்சார கிராஸ்ஓவர், அதாவது எஸ்.யூ.வி. சாயல் கார் என்று விளக்கினேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். விமர்சனம் முடிந்தது.

மறுமொழி 3

கூன்டாச் பற்றி யாரும் சொல்லவில்லையே! பழைய கார்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் அசல் லம்போர்கினி கூன்டாச் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தேன். பின்கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது. ஓட்டியவர் கதவை மேலே தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து, பாதி உடம்பை வெளியே நீட்டித் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே, ஒரு காலால் பெடலை அளந்து அளந்து நகர்த்தினார். சுற்றி நின்ற நாங்கள் பின்னால் தூண் வருவதைச் சொல்லக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நல்லவேளை, அவரே பார்த்துவிட்டார். கூன்டாச் என்பதே இத்தாலியின் பியட்மான்ட் வட்டாரப் பேச்சில் வாய்பிளந்து சொல்லும் சொல், நம் 'அடேயப்பா' மாதிரி.

2021-ல் அதே பெயரில் எல்.பி.ஐ. 800-4 வந்தது. மொத்தம் 112 வண்டிதான். அசல் காரின் திட்டக் குறியீடு எல்.பி.112 என்பதால் அந்த எண்ணிக்கை. ஒரு கண்காட்சியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1971 ஜெனீவா கண்காட்சியில் அந்த முதல் வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு அது வேற்றுக்கிரகத்து வண்டியாகத் தெரிந்திருக்கும். இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது 'தெரிந்த முகம்' என்பதுதான். அசலை வடிவமைத்த மார்செல்லோ காண்டினி, புதியதில் தனக்குப் பங்கு இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். பழைய மாடலைத் திரும்பச் செய்வது தன் அடிப்படைக்கே எதிரானது என்பது அவர் நிலை. லம்போர்கினியின் முந்தைய காரான மியுராவை வரைந்துவிட்டு, அதன் சாயலே இல்லாமல் கூன்டாச்சை வரைந்த மனிதர் வேறென்ன சொல்வார்?

மறுமொழி 4

நான் வணிகமுத்திரைப் பதிவு வேலையில் இருப்பவன். நீங்கள் வண்டியைப் பார்க்கிறீர்கள், நான் ஃபைலைப் பார்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்த பெயரைத் தொடர்ந்து ஐந்து ஆண்டு பயன்படுத்தாவிட்டால் ரத்து செய்யக் கோரலாம். ஃபெராரியின் 'டெஸ்டரோஸா'வுக்கு அந்த ஆபத்து வந்தது. அந்த வரிசை 1996-ல் நின்றது. 2017-ல் ஒரு ஜெர்மன் நீதிமன்றம் பதிவை ரத்து செய்யச் சொல்லிவிட்டது. பழைய வண்டிக்கு உதிரிபாகம் விற்பதும் பயன்பாடுதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020-ல் சொன்ன பிறகே மூச்சு வந்தது. 2025-ல் 849 டெஸ்டரோஸா வந்தபோது நண்பர்கள் 1,050 குதிரைத்திறனைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தத் தீர்ப்புதான் நினைவுக்கு வந்தது.

ஃபோர்டு கதை நேர்மாறு. 1966-லிருந்து 1969 வரை லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வரிசையாக வென்ற ஜிடி40-ஐ மறுபடி கொண்டுவர நினைத்தபோது, அந்தப் பெயரின் உரிமை வேறொரு சிறு நிறுவனத்திடம் இருந்தது. அதனால்தான் விற்பனைக்கு வந்த வண்டி வெறும் 'ஃபோர்டு ஜிடி'. அதுவும் ஒருவகையில் நியாயம்தான். அந்த 40 என்பது 40 அங்குல உயரம். புதியது நாலு அங்குலம் வளர்ந்துவிட்டது.

தொடங்கியவர்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று மறுபடி அதே பார்க்கிங். சுப்ரா ஓனர் இந்த முறை தன் தம்பியோடு வந்திருந்தார். தம்பியிடம் 1987 ஹோண்டா பிரெலூட், பின்சக்கரமும் சேர்ந்து திரும்புமே, அது. இடுக்கான ஒரு இடத்தில் நுழைத்துக் காட்டினார். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பின்சக்கரம் முன்சக்கரத்தோடு ஒரே பக்கம் போகிறது, முழுக்கத் திருப்பினால் எதிர்ப்பக்கம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது பிரெலூட் ஹைபிரிட், பின்சக்கரம் திரும்பாது, மேனுவல் கியரும் இல்லை, வாங்குவீர்களா என்று கேட்டேன். "ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் தம்பி. அண்ணன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "முன்பணம் கட்டியாகிவிட்டது" என்றார்.