தனித்தனியே எல்லாம் பாஸ், சேர்த்ததும் ஒன்பது வரி லாக்

ஏற்கெனவே டெஸ்ட் செய்து முடித்த காம்போனென்ட்களை (மென்பொருள் துண்டுகளை) எடுத்துக் கோத்து சிஸ்டம் கட்டியவர்கள் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். நான் மாட்டிக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆர்டர் பதிவு செய்யும் சிஸ்டம். அதில் ஒரு காம்போனென்ட் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும்; பதில் வராவிட்டால் மொத்தம் மூன்று முறை முயலும். இன்னொன்று பொதுவான ரீட்ரை காம்போனென்ட். எந்த வேலையைக் கொடுத்தாலும், தோற்றால் மூன்று முறை வரை ஓட்டும். இரண்டுக்கும் யூனிட் டெஸ்ட், அதாவது தனியாக ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட், பக்காவாக இருந்தது. நாங்கள் கோரிக்கை அனுப்புவதை ரீட்ரை காம்போனென்ட்டுக்குள் வைத்தோம்.

ரிலீஸ் ஆன பிறகு, சர்வர் மந்தமாக இருந்த ஒரு நாளில் லாகைத் திறந்தேன்; அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கையும் அதில் ஒரு வரியாகப் பதிவாகும். ஒரே ஆர்டர் எண், ஒன்பது வரி. மூன்று வரி நெருக்கமாக, பிறகு சின்ன இடைவெளி, மறுபடி மூன்று, மறுபடி இடைவெளி, கடைசியாக மூன்று. அந்த இடைவெளிகளைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது: வெளியே மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் உள்ளே மூன்று முறை. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த சர்வர் மேல் நாங்களே சுமையை ஏற்றியிருக்கிறோம். அதைவிட மோசம், சில கோரிக்கைகள் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வராமல் போயிருந்தன. அந்த ஆர்டர்கள் இரண்டு முறை பதிவாகிவிட்டன.

உள்ளே இருந்த ரீட்ரையை நிறுத்தினோம். ஆர்டருக்கு ஒரு அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் சர்வர் புதிதாகப் பதியாதபடி மாற்றினோம். அப்புறம் ஒரே ஒரு டெஸ்ட் எழுதினேன்: கோரிக்கையை வாங்கிக்கொண்டு பதிலே தராத போலி சர்வர், அதற்கு எத்தனை கோரிக்கை வருகிறது என்ற எண்ணிக்கை. முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய டெஸ்ட் அது. இன்றும் மனதை உறுத்துகிறது.

மறுமொழி:

"அந்த ப்ராஜெக்ட்டில் வருஷக்கணக்காக ஓடுகிறதே, எதற்குத் திரும்ப டெஸ்ட்?" என்று ஒரு காம்போனென்ட்டைப் பற்றி யாராவது கேட்டால், நான் ஏரியன் 5 என்ற ஐரோப்பிய ராக்கெட்டின் கதையைச் சொல்வேன். 1996 ஜூன் 4 அன்று முதல்முறையாகக் கிளம்பிய அந்த ராக்கெட், சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியது. அதற்கு முந்தைய ஏரியன் 4-இல் நன்றாக ஓடிய வழிகாட்டும் கருவியின் மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிடச் சீக்கிரம் கூடியது. அதையொட்டிய ஒரு 64 பிட் எண்ணை, 32,767-க்கு மேல் தாங்காத 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது கருவி நின்றுவிட்டது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள், அதனால் அதுவும் நின்றது. அந்தக் கணக்கே ஏரியன் 5-க்குப் புறப்பட்ட பிறகு தேவையில்லை என்பதுதான் வேதனை. புதிய ராக்கெட்டின் பாதைத் தரவைக் கொடுத்து அந்தக் கருவியை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுமொழி:

எங்களை ஏமாற்றியது நாங்களே எழுதிய மாக், அதாவது டெஸ்டில் நிஜ காம்போனென்ட்டுக்குப் பதிலாக வைக்கும் போலி. டைம்அவுட்டை, அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, காம்போனென்ட் விநாடியில் கேட்கிறது என்று நினைத்து 30 கொடுத்தோம். அது எடுத்துக்கொண்டது மில்லிவிநாடி. மாக் உடனே பதில் தந்துவிடும், அதனால் எல்லா டெஸ்டும் பச்சை. நிஜ காம்போனென்ட்டை வைத்ததும் பாதிக் கோரிக்கைகள் விழுந்தன. இப்போது தினமும் இரவில் மாக் இல்லாமல் ஒரு முறை ஓட்டுகிறோம். நேரம் பிடிக்கிறது, ஆனாலும் அதை நிறுத்த நான் விடுவதில்லை.